கேட்காமல் பரிமாறியவர்

எல்லோரும் அவரைக் கம்ப்யூட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் அண்ணன், பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் தாத்தா. பஸ் டிப்போவுக்கு எதிர்ச் சாரியில், பன்னிரண்டு மேஜை போட்ட அந்தச் சாப்பாட்டுக் கடையில் முப்பத்தொரு வருஷம் பரிமாறியவர். அந்த முப்பத்தொரு வருஷத்தில், வாடிக்கையாக வருகிற ஒருவரைப் பார்த்துக்கூட "என்ன சாப்பிடறீங்க?" என்று அவர் கேட்டதில்லை. ஆள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவரவர் தட்டு அவரவர் முன்னால் இருக்கும். யாருக்கு முட்டை முக்கால் வேக்காடு, யாருக்கு ரொட்டி ஓரம் கருகியிருக்க வேண்டும், யாருக்குச் சர்க்கரை வியாதி வந்து போன மாதம் முதல் இனிப்பு கூடாது, எல்லாம் தலைக்குள் இருந்தது. படித்தவன் பத்துப் பேரை வைத்து எழுதவிட்டாலும் இந்த ஒழுங்கு வராது. வந்ததா என்றால் வரவில்லை. எதிரே புதிதாகத் திறந்த கடைகளில் பேனாவும் நோட்டுமாக நின்ற பையன்களெல்லாம் ஆளுக்கு ஆள் தட்டை மாற்றி வைத்துத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர் படித்தது இரண்டாம் வகுப்பு. அதுவும் பாதி. எழுதச் சொன்னால் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொள்ளும். பழைய முதலாளி இறந்து மகள் கடையைப் பொறுப்பெடுத்தபோது, சின்னச் சின்ன நோட்டு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாள். அவர் மரியாதையாக வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வருஷம் கழித்து, ஒரு தாள்கூடக் கசங்காமல் அவள் மேஜையில் திருப்பி வைத்தார்.

"என்ன அண்ணே, எழுதவே இல்லையா?" என்றாள் முதலாளியம்மா.

"மறக்கிறவனுக்குத்தாம்மா நோட்டு."

கடையே சிரித்தது. சமையலறையில் மைத்துனன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குக் காரணம் தெரியும். மனைவியின் தம்பி, கல்யாணம் ஆகாதவன், அவர் வீட்டு முன்னறையில்தான் இருந்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர்தான் அவனைக் கையைப் பிடித்து அந்தச் சமையலறைக்குள் விட்டார். இதையும் வாரத்துக்கு ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் சொல்லிவிடுவார்.

மைத்துனன் எதையும் அடித்துச் சொல்லத் தெரியாத ஆள். உப்புப் போட்டாச்சா என்று கேட்டால், "போட்டேன்னுதான் நினைக்கிறேன், பாத்துச் சொல்றேன்" என்பான். "எங்க மாப்ளையைக் கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டாங்க. இருக்கலாம்னான். பொண்ணு வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்று அவர் மேஜைக்கு மேஜை சொல்லுவார். அவன் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அவங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு அத்தான்" என்பான். கைமணம் மட்டும் அவனுக்கு அப்படி வாய்த்திருந்தது. கோழியில் அவன் வேர்க்கடலை அரைத்து ஊற்றுகிற குழம்புக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் பிள்ளைகுட்டிகளோடு அங்கே வந்தன.

கம்ப்யூட்டருக்கு ஒரு ரகசியம் இருந்தது. அதை மனைவியிடமும் சொன்னதில்லை, மைத்துனனிடமும் சொன்னதில்லை. அவருக்கு யார் முகமும் மனதில் நிற்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவர் ஞாபகம் வைத்துக்கொண்டது நாற்காலிகளை. ஐந்தாம் மேஜை, தூணுக்கு முதுகு காட்டின நாற்காலி என்றால் சர்க்கரை இல்லாத டீ. இரண்டாம் மேஜையில் ஒரு கால் ஆடுகிற நாற்காலி என்றால் வறுத்த மீன், எலுமிச்சை தனியாக. அதில் தையல்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்பது இரண்டாவது சங்கதி. அதனால்தான் யார் வந்தாலும் வாசலுக்கே போய், குரலையும் நடையையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்து, "வாங்க, உங்க இடம் காலியா இருக்கு" என்று தோளைத் தொட்டுக் கூட்டிவந்து பழைய இடத்திலேயே உட்காரவைப்பார். பிள்ளைகள் இடம் மாறி விளையாடினால், "உக்காந்த இடத்தை விட்டு எந்திரிச்சா சாப்பாடு கோவிச்சுக்கிட்டுப் போயிடும்" என்று விரட்டுவார். அதை எல்லோரும் மரியாதை என்று நினைத்தார்கள். தனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிற கடையை விட்டு யார் வேறு கடைக்குப் போவார்கள்?

ஏழாம் மேஜை ஜன்னலோரம். ஞாயிறு மதியம் அது பஸ் டிரைவர் வீட்டுக்கு. டிரைவர், மனைவி, இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு எட்டு. சின்னவளுக்குக் கடலை ஆகாது. கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவை வீங்கிப் போய் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். இன்னொரு தடவை வந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஐந்து வயதில் ஒரு ஞாயிறு, அக்கா சாப்பிடுகிற அதே குழம்பு தனக்கும் வேண்டும் என்று அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டாள். அழுகை சமையலறை வரைக்கும் கேட்டது. அடுத்த ஞாயிறு, மைத்துனன் தனியாக ஒரு சின்னப் பாத்திரம், தனியாக ஒரு கரண்டி வைத்து, கடலைக்குப் பதில் அரிசி மாவை வறுத்துக் கரைத்து ஊற்றி, அதே நிறத்தில், அதே கெட்டியில் ஒரு குழம்பு வைத்துக் கொடுத்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவனுக்கே வித்தியாசம் தெரியாது. அந்தப் பெண் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டுச் சமையலறைத் திறப்புக்கு வந்து எக்கிப் பார்த்து, "உங்களைத்தான் நான் கல்யாணம் பண்ணிப்பேன்" என்றாள்.

"மாப்ளை, இப்பயாவது சரின்னு சொல்லுடா" என்றார் கம்ப்யூட்டர்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றான் அவன்.

அவன்தான் அன்றைக்கே கேட்டான். "அத்தான், அந்தப் பாப்பாவுக்கு மட்டும் நீலத் தட்டு ஒண்ணு வச்சுக்கலாமா? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. பயமா இருக்கு."

"என் கழுத்துக்கு மேல தலை இருக்கிற வரைக்கும் இந்தக் கடையில நீலத் தட்டு வராது."

"இல்ல, ஒரு அடையாளத்துக்கு..."

"பயமா இருந்தா நீ அடுப்பைப் பாரு. தட்டை நான் பாத்துக்கறேன்."

தாய்க்காரியும் முதலில் சின்னவள் தட்டில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். மூன்றாவது வாரம் அவர் மேஜைப் பக்கத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "ஏம்மா, என் கைமேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் அவள் முகம் சுருங்கிவிட்டது. அதற்கப்புறம் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டாள். மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை. கடலைக் குழம்பு ஜன்னலோர நாற்காலிக்கு, மாவுக் குழம்பு அதற்கு அடுத்த வெளி நாற்காலிக்கு. இடது கையில் முழங்கை வரை மூன்று தட்டு, வலது கையில் ஒன்று. வலது கைத் தட்டுத்தான் வெளி நாற்காலி.

அந்த ஞாயிறு கடையில் கால் வைக்க இடமில்லை. மூன்றாம் மேஜைக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவன் கேட்டுவிட்டான்: "நிஜமாவே எதையும் எழுதிக்க மாட்டீங்களாமே?" அது போதும். டிரைவர் வீட்டார் உள்ளே வந்ததை அவர் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய்க் கூட்டிவரவும் இல்லை. திறப்பு வழியாக அவர்களைப் பார்த்த மைத்துனன் பரிமாறும் பலகையில் நான்கு தட்டு வைத்ததும் தூக்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி மூன்றாம் மேஜையோடு பேசிக்கொண்டே போனார். "முப்பத்தொரு வருஷம். ஒரு தட்டு மாறினதா ஒருத்தரைச் சொல்லச் சொல்லுங்க." சொல்லிக்கொண்டே ஏழாம் மேஜையில் நான்கையும் வைத்தார். கை தானாக வைத்தது. இரண்டு பெண்களும் ஒரே துணியில் தைத்த சட்டை போட்டிருந்தார்கள். முகத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்?

சின்னவளுக்கு அன்று காலையில் முன்பல் விழுந்திருந்தது. சாப்பிட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், வாய் அரிக்கிறது என்றாள். "பல் விழுந்த இடம் அப்படித்தான் இருக்கும், மெதுவா சாப்பிடு" என்றாள் அம்மா. பெரியவள் தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னைக்கு சப்புன்னு இருக்கு தாத்தா" என்றாள், பக்கத்தில் போய்க்கொண்டிருந்தவரைப் பார்த்து. "பசியில்லாதவங்களுக்கு எல்லாமே சப்புன்னுதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் நடந்தார். நான்கு எட்டு வைத்திருப்பார். பின்னால் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது.

சின்னவளுக்கு உதடு தடித்துக் கண் மூடிப் போயிருந்தது. மூச்சு இழுக்கிற சத்தம், கிழிந்த துணியை இழுப்பதுபோல, கடை முழுக்கக் கேட்டது. டிரைவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினார். தாய்க்காரி ஒரு செருப்போடு பின்னால் ஓடினாள். பெரியவளை முதலாளியம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கம்ப்யூட்டர் ஏழாம் மேஜைக்கு வந்தார். ஜன்னலோரத் தட்டில் விரலை வைத்து நாக்கில் தொட்டார். கடலை. வெளித் தட்டைத் தொட்டார். மாவு. விழுந்து கிடந்தது ஜன்னலோர நாற்காலி.

இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். எச்சிலை வழித்துப் போட்டார். சோப்புப் போட்டுத் தேய்த்தார். பாத்திரம் கழுவுகிற அம்மா, "நீங்க எதுக்கு இதெல்லாம், குடுங்க" என்று கையை நீட்டினாள். கொடுக்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஒரு எச்சில் தட்டுக் கழுவியதில்லை. தேய்த்துக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது, மைத்துனன் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாப்பாவுக்கு என்ன அத்தான்?"

"தெரியல" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் அந்தக் குழந்தை போய்விட்டது.

சுகாதார அதிகாரிகள் இரண்டு பேர் வந்து கடையைப் பூட்டினார்கள். சமையலறையில் இருந்ததை எல்லாம் சின்னச் சின்னச் சீசாவில் எடுத்தார்கள். கூடத்தில் மேஜை போட்டு விசாரித்தார்கள். கம்ப்யூட்டரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தட்டைச் சரியாக வைத்தீர்களா? அவர் வாயைத் திறப்பதற்குள் முதலாளியம்மா சொன்னாள்: "இவர் மாத்தவே மாட்டார் சார். ஊரையே கேட்டுப் பாருங்க." அவர் தலையை ஆட்டினார். ஆட்டியது அவ்வளவுதான். பிறகு மைத்துனனைக் கூப்பிட்டார்கள்.

"கரண்டி ரெண்டும் தனித்தனியா?"

"தனித்தனிதான் சார்."

"அன்னைக்கு மாறல. உறுதியா சொல்லுவீங்களா?"

"மாறலைன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா? கூட்ட நேரம். ரெண்டும் ஒரே நிறம். மாறியிருக்கவே முடியாதா?"

அவன் தன் கையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "மாறியிருக்கலாம்" என்றான்.

சுவரோரம் நின்ற கம்ப்யூட்டர் அதைக் கேட்டார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் நாற்காலிக் கதை வரும். நாற்காலிக் கதை வந்தால் எழுதத் தெரியாத கதை வரும். அறுபத்து மூன்று வயதில், முகமும் நிற்காமல் எழுத்தும் தெரியாமல், எச்சில் தட்டை ஒளித்துக் கழுவிய ஒரு கிழவன் மிச்சமாவான். ஒன்றுமில்லாமல் வந்து, தன் தலையை வைத்தே ஒரு ஆளாக நின்றவருக்கு அந்தக் கிழவனைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அதிகாரி தாளை மூடினார்.

கடை பதினோரு நாளில் திறந்தது. கம்ப்யூட்டர் இருக்கிறார் என்றுதான் பழைய ஆட்கள் மெல்ல மெல்ல வந்தார்கள். அடுப்புக்கு வேறு ஆள் வந்தான். கடலைக் குழம்பு நின்றது. மைத்துனனை அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு சமையலறையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவனும் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. வீட்டில் காலையில் எழுந்து இரண்டு பாத்திரத்தில் தண்ணீர் வைப்பான். இரண்டு கரண்டி. ஒன்றைப் போட்டுக் கலக்குவான், ஆணியில் மாட்டுவான். மற்றதை எடுப்பான், கலக்குவான், மாட்டுவான். கை தப்புகிறதா என்று பார்ப்பான். மதியம் வரைக்கும் இதுவே வேலை. பிறகு கை கழுவுவான்.

"அவன் கையில தோல் இல்ல" என்றாள் மனைவி ஒரு நாள், சாப்பாட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு. "கழுவிக் கழுவிச் சிவந்து கிடக்கு. நீங்க அங்கதானே நின்னீங்க. யாரு எத்தனை பருக்கை மிச்சம் வச்சாங்கன்னுகூடச் சொல்வீங்களே. அவன் கரண்டி மாறுச்சா, இல்லையா?"

"அன்னைக்குக் கூட்டம்."

"கூட்டம் என்னைக்குத்தான் இல்ல?"

அவர் சோற்றைப் பிசைந்தார். அவள் உள்ளே போனாள். முன்னறையில் கரண்டி பாத்திரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டரை மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், டிரைவர் கடைக்கு வந்தார். தனியாக. யூனிபாரம் போட்டிருந்தார், உடம்பு பாதியாகியிருந்ததால் சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. யாரும் கூப்பிடவில்லை. நேராக ஏழாம் மேஜைக்குப் போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, கையை மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

அதே நேரத்தில் மைத்துனனும் கடைக்குள் இருந்தான். அவனுடைய கத்திகள் இரண்டு சமையலறையில் கிடந்தன. எடுத்துக்கொண்டு போகச் சொல்லி முதலாளியம்மா ஆளனுப்பியிருந்தாள். டிரைவரைப் பார்த்துவிட்டு, வெளியே வர முடியாமல் திறப்புக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான்.

கம்ப்யூட்டர் தண்ணீர் கொண்டுபோய் வைத்தார். டிரைவர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். இந்நேரம் தட்டு வந்திருக்க வேண்டும். அந்த நாற்காலிக்கு எது என்று அவர் கைக்குத் தெரியும். அந்தக் கை வரவில்லை. கால் மேஜைப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"என்ன... என்ன சாப்பிடறீங்க?"

பன்னிரண்டு மேஜையும் திரும்பிப் பார்த்தது. தையல்காரர் மீன் முள்ளை வாயில் வைத்தபடியே பார்த்தார். முதலாளியம்மா எழுந்து நின்றுவிட்டாள். திறப்புக்குப் பின்னாலிருந்து மைத்துனன் மெதுவாக வெளியே வந்தான். கையில் துணி சுற்றிய கத்திகள்.

"அத்தான்" என்றான். குரல் உயரவில்லை. "அன்னைக்கு எதுக்கு நீங்க தட்டு கழுவுனீங்க?"

இரண்டரை மாதமாக அவன் அதைக் கேட்காமல் வைத்திருந்தான் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இனி வைத்துக்கொள்ள இடமில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"உன் கரண்டி மாறல. நாற்காலி மாறியிருந்துச்சு" என்றார். பிறகு டிரைவரிடம் சொன்னார். "எனக்கு முகம் தெரியாதுங்க. நாற்காலியப் பாத்துத்தான் வைப்பேன். என்னைக்கும் அப்படித்தான். இது பெரிய பாப்பா இடம். சின்னவ இதுல உக்காந்திருந்தா. நான் பாக்கல. ரெண்டு தட்டையும் நாக்குல வச்சுப் பாத்துட்டு, நான்தான் கழுவி வச்சேன்."

டிரைவர் நிமிரவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே, பாதையில் எங்கோ திருப்பத்தைத் தவறவிட்டவரைப் போல இருந்தார்.

"பல்லு விழுந்துச்சுன்னு அழுதா" என்றார். "ஜன்னல் பக்கம் உக்காரு, பஸ்ஸெல்லாம் பாக்கலாம்னு நான்தான் பெரியவளை எழுப்பிட்டு அவளைத் தூக்கி வச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "இந்தக் கையால" என்றார். சொல்லிவிட்டு அந்தக் கையைப் பார்த்தார்.

அந்தப் பார்வை மைத்துனனுக்குப் பழக்கமானது. இரண்டரை மாதம் தன் கையை அவன் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கத்திகளைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு, டிரைவருக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அவர் வயசானவர், குழப்புறார்" என்றான். "நாற்காலியெல்லாம் இல்லைங்க. கரண்டிதான் மாறுச்சு. பெரிய பாத்திரத்துல இருந்த கரண்டிய எடுத்துச் சின்னதுல போட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எங்க உக்கார வச்சிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்."

வாழ்நாளில் அவன் ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னது அன்றைக்குத்தான்.

டிரைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷமாக எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தவரிடமே திரும்பினார்.

"யாரு சொல்றது நிஜம்?"

மைத்துனன் அவரைப் பார்க்கவில்லை. தோல் உரிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் சொல்றதுதாங்க" என்றார் கம்ப்யூட்டர்.

டிரைவர் தலையை ஆட்டினார். எழுந்து, நாற்காலியை மேஜைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு வெளியே போனார். வேலைக்குப் போகிறவரைப் போலத்தான் போனார். மைத்துனனும் கத்திகளை எடுத்துக்கொண்டு போனான். அன்று மாலையே முன்னறையைக் காலி செய்துவிட்டு, எங்கே என்று அக்காளிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டான். இரண்டு கரண்டியும் ஆணியில் தொங்கின. மனைவி அவற்றை எடுக்கவும் இல்லை, அவரிடம் அதைப்பற்றிப் பேசவும் இல்லை.

பெற்ற தகப்பனுக்காக அந்த வார்த்தையைச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று அவருக்குத் தெரியாது. எத்தனையோ பேருடைய எத்தனையோ சங்கதிகளை வைத்திருந்த அந்தத் தலையில் இதற்கு மட்டும் விடை இல்லை. இன்னும் அதே கடையில்தான் பரிமாறுகிறார். இப்போது ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, குனிந்து, முகத்தை உற்றுப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்கிறார். பலகைக்குப் போகிற வழியில் அதை முணுமுணுத்துக்கொண்டே போகிறார். திரும்பி வந்து, தட்டை வைக்கும் முன்னால் இன்னொரு தரம் கேட்கிறார்.